எல்லைக்கோட்டுக்கு இப்பாலும் அப்பாலும்: நிலையற்ற விளையாட்டு வாழ்வும் ஒடுக்கப்பட்டோரின் விடாமுயற்சியும்

தென்காசி வட்டாரத்தில் 'சீசன்' என்னும் சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. ஆனி மாதம் பிறந்து தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொட்டதும் குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நிறைகின்றன. கடை போடுவோர், எண்ணெய் தேய்த்துவிடுவோர், பழம் விற்போர், வாகனம் ஓட்டுவோர் எனப் பலரும் அந்த இரண்டு மூன்று மாத வருமானத்தை நம்பியே ஆண்டைக் கழிக்கின்றனர். சாரல் பொய்த்தால் அவர்களுடைய அடுப்பும் பொய்க்கும்.

இதே வட்டாரத்தில் மற்றொரு சீசனும் உண்டு. பொங்கலை ஒட்டியும் கோயில் கொடைகளை ஒட்டியும் ஊர்தோறும் இரவு வெளிச்சத்தில் கபடிப் போட்டிகள் நடைபெறுகின்றன. சுழற்கோப்பையும் ரொக்கப் பரிசும் அறிவிக்கப்படுகின்றன. ஆடுவோரில் பலர் பகலில் வயல் வேலைக்கோ கட்டட வேலைக்கோ செல்பவர்கள். பீடி சுற்றும் தாய்மாரின் பிள்ளைகள். கல்லூரியில் முதல் தலைமுறையாகக் காலடி வைத்தவர்கள். அவர்களுள் விளையாட்டையே வாழ்வாகக் கொள்ள விழைவோர் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த சீசன் முடிந்தபின் என்ன?

'விடாமுயற்சி இருந்தால் வெல்லலாம்' என்பதே இக்கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை. அவ்விடையை நாம் மறுக்கவில்லை. ஆனால் விடாமுயற்சிக்கு ஒரு விலை உண்டு. அவ்விலையை எல்லாச் சாதியினரும் ஒரே அளவில் செலுத்துவதில்லை. எவை துணைநின்றபோது விடாமுயற்சி பலன் தந்தது, எவை இல்லாதபோது அது வீணாயிற்று என்பதை வரலாற்றிலிருந்து அறிவதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்காக மூன்று வாழ்க்கைகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளரான பல்வாங்கர் பாலுவுடையது. இரண்டாவது, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் நாற்பது ஆண்டுகள் அலைந்து நின்ற சாட்செல் பெய்ஜுடையது. மூன்றாவது, தாமிரபரணிக் கரையிலிருந்து எழுந்த கபடி வீரர் மணத்தி கணேசனுடையது.

தொழில்முறை விளையாட்டின் நிலையின்மை

தொழில்முறை விளையாட்டு என்றதும் கோடிக்கணக்கில் ஏலம் போகும் வீரர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் மலையுச்சியில் நிற்கும் சிலர் மட்டுமே. அமெரிக்க பேஸ்பாலில் உச்ச நிலையான மேஜர் லீகில் 30 அணிகள் உள்ளன. அதன் கீழே படிப்படியாக மைனர் லீக் அணிகள் அமைந்துள்ளன. ஒப்பந்தம் பெறும் இளைஞர் கீழ்ப்படியில் தொடங்கி ஊர் ஊராக மாற்றப்படுகிறார். காயம் பட்டாலோ ஆட்டம் தளர்ந்தாலோ விடுவிக்கப்படுகிறார். பெரும்பாலோர் மேஜர் லீகில் ஒரு நாள்கூட ஆடாமலே வெளியேறுகின்றனர்.

இந்தியாவிலிருந்து சென்ற இருவர் இதற்குச் சான்று. 2008-ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு தொலைக்காட்சிப் போட்டியின் வழியே உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ஈட்டி எறிதல் வீரர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகியோர் தெரிவுசெய்யப்பட்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஒப்பந்தம் பெற்றனர். அதற்குமுன் அவர்கள் பேஸ்பாலைக் கையில் எடுத்ததே இல்லை. தினேஷ் 2010-இல் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். ரிங்கு மைனர் லீகின் கீழ்ப்படிகளில் சில ஆண்டுகள் ஆடினார். கைக் காயங்களால் ஆட்டம் தடைப்பட்டு, பின்னர் தொழில்முறை மற்போருக்கு மாறினார். இருவரும் மேஜர் லீகை எட்டவில்லை. அவர்களிடம் முயற்சிக்குக் குறைவிருந்ததாக எவரும் கூற இயலாது. நிலையின்மை தனிமனிதரின் குறையன்று; அத்தொழிலின் அமைப்பே அது.

இந்த நிலையின்மை எல்லோருக்கும் பொதுவானது. ஆனால் சாதியோ நிறவெறியோ அதன்மீது ஏறி அமரும்போது, ஒரே ஆட்டத்தை இருவர் இருவேறு சுமையுடன் ஆட நேர்கிறது.

பாலு: மூன்று ரூபாய்க் கூலியிலிருந்து

பல்வாங்கர் பாலு 1876-இல் தார்வாடில் தோல் தொழில் செய்யும் சாதியாகக் கருதப்பட்ட சமார் சமூகத்தில் பிறந்தார். குடும்பம் புனேயில் வாழ்ந்தது. அங்கு பார்சிகளின் கிரிக்கெட் மன்றத்தில் ஆடுகளத்தைப் பெருக்கி உருளை இழுக்கும் வேலையில் சேர்ந்தார். மாதக் கூலி 3 ரூபாய். பின்னர் ஐரோப்பியர்களின் புனே மன்றத்தில் 4 ரூபாய்க் கூலிக்குச் சென்றார். வலைகட்டி, களம் சீர்செய்து, ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பயிற்சிக்காகப் பந்துவீசுவதும் அவர் வேலையாயிற்று. புகழ்பெற்ற மட்டையாளரான ஜே.ஜி. கிரெய்க்குக்கு நாள்தோறும் மணிக்கணக்கில் பந்துவீசியே இடக்கைச் சுழற்பந்தில் அவர் தேர்ச்சி பெற்றார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை. வியர்வை சிந்தும் பந்துவீச்சு வேலையாளுக்கு, மட்டை பிரபுக்களுக்கு என்பது அன்றைய நடைமுறை.

அவரது திறமை புனே இந்து அணியின் காதுக்கும் எட்டியது. ஐரோப்பியர்களை வெல்ல வேண்டுமானால் அவர் தேவை, சேர்த்துக்கொண்டால் 'தீட்டு'. நீண்ட வாதத்துக்குப்பின் அவர் சேர்த்துக்கொள்ளப்பட்டார். ஆனால் எந்த எல்லைவரை என்பதே முக்கியம். களத்துக்குள் அவர் தொட்ட பந்தைச் சாதி இந்துக்களும் தொட்டனர். களத்தைவிட்டு வெளியே வந்ததும் அவருக்கு ஆட்டக்காரர் கூடத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் தரப்பட்டது. உணவுக்குத் தனித்தட்டு, தனியிடம். மண்குவளை எதற்காகப் பயன்பட்டது என்பது நம் ஊர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மைதானத்தின் எல்லைக்கோடு சமத்துவத்தின் எல்லைக்கோடாகவும் இருந்தது.

1890-களின் பிற்பகுதியில் பாலு பம்பாய்க்குப் பெயர்ந்தார். அங்கு இந்து ஜிம்கானா அணிக்கு ஆடினார். ரயில்வேயில் பணி பெற்று அதன் அணிக்காகவும் பந்துவீசினார். ஒருபுறம் சம்பளம் தரும் வேலை, மறுபுறம் ஆட்டம் என்ற இந்த ஏற்பாட்டை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம். 1906-இல் இந்து அணி ஐரோப்பிய அணியை 109 ஓட்டங்களில் வென்றது. அவ்வெற்றியில் பாலுவின் பந்துவீச்சுக்கும் அவர் தம்பி சிவராமின் மட்டைவீச்சுக்கும் பெரும் பங்குண்டு. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து சென்ற அனைத்திந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் அச்சுற்றுப்பயணத்தில் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். நாடு திரும்பியபோது பம்பாயின் ஒடுக்கப்பட்ட மக்கள் அவருக்கு வரவேற்பளித்தனர். அவ்வரவேற்புரையை ஆக்கியவர் அன்று கல்லூரி மாணவராயிருந்த அம்பேத்கர் எனக் கிரிக்கெட் வரலாற்று நூல்கள் பதிவுசெய்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் அணித்தலைமை அவருக்கு வழங்கப்படவில்லை. ஆண்டுதோறும் அவரைவிடத் தகுதி குறைந்தோரும் தலைவராயினர். 1920-ஆம் ஆண்டுப் போட்டியில் பாலு அணியிலிருந்தே விடப்பட்டார். தம்பி விட்டலின் தகுதியும் தலைமைக்குப் புறக்கணிக்கப்பட்டது. அப்போது சிவராமும் விட்டலும் அணியிலிருந்து விலகினர். பிறப்பின் அடிப்படையில் தங்களுக்கு அவமதிப்பு இழைக்கப்பட்டது என்பதை அவர்கள் பொதுவெளியில் அறிவித்தனர். விளைவாக, இறுதி ஆட்டத்துக்குப் பாலு துணைத்தலைவராக மீண்டும் அழைக்கப்பட்டார். 1923-இல் விட்டல் இந்து அணியின் தலைவரானார். அவ்வாண்டு கோப்பையும் அவ்வணிக்கே கிடைத்தது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பாலு பதினைந்து ஆண்டுகள் பொறுமையுடன் ஆடிப் பெறாத தலைமையை, சகோதரர்கள் சேர்ந்து 'ஆடமாட்டோம்' என்று மறுத்த மூன்றே ஆண்டுகளில் அக்குடும்பம் பெற்றது. பொறுமை அவர்களைக் களத்துக்குள் கொண்டுவந்தது. கூட்டான மறுப்பே அவர்களுக்குரிய இடத்தைப் பெற்றுத்தந்தது. விடாமுயற்சி என்பதற்குள் இவ்விரண்டும் அடங்கும்.

பாலுவின் பிற்கால வாழ்வையும் மறைக்காமல் கூற வேண்டும். 1932-இல் தனித்தொகுதிக் கோரிக்கை எழுந்தபோது அவர் எம்.சி. ராஜாவைப் போன்றே அம்பேத்கருக்கு எதிரணியில் நின்றார். பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். 1937 தேர்தலில் பம்பாயில் அம்பேத்கரை எதிர்த்துப் போட்டியிட்டு, 13,245-க்கு 11,225 என்ற வாக்குகளில் தோற்றார். தம் ஆதர்சமாக ஒருகாலத்தில் கொண்டாடிய வீரரையே அம்பேத்கர் தேர்தலில் எதிர்கொள்ள நேர்ந்தது. ஒடுக்கப்பட்ட சமூகத்தின் வெற்றியாளரைத் தம் பக்கம் நிறுத்திக்கொள்ள ஆதிக்கக் கட்சிகள் எப்போதும் விரும்பும் என்பதற்கு இதுவொரு பழைய எடுத்துக்காட்டு. 1955 ஜூலையில் பாலு காலமானார்.

சாட்செல் பெய்ஜ்: ஊர் ஊராக நாற்பது ஆண்டுகள்

சாதிக்கும் நிறவெறிக்குமான ஒப்பீடு நமக்குப் புதிதன்று. ஜோதிராவ் பூலே 1873-இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமை ஒழிப்புக்காக உழைத்த அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1946-இல் கறுப்பினச் சிந்தனையாளர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1972-இல் பம்பாயில் தோன்றிய தலித் பாந்தர் இயக்கம் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து தன் பெயரைப் பெற்றது. விளையாட்டிலும் இவ்வொப்பீடு பொருந்துகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1947 வரை அமெரிக்க மேஜர் லீகில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட ஆடவில்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் அவர்களைத் தடுக்கவில்லை. அணி உரிமையாளர்களின் உடன்பாடே தடுத்தது. ஊர்க் கட்டுப்பாட்டை அறிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். ரூப் ஃபாஸ்டர் என்னும் கறுப்பின வீரர் 1920-இல் கான்சாஸ் நகரில் நீக்ரோ நேஷனல் லீகைத் தோற்றுவித்தார். கறுப்பின மக்களின் பணத்திலும் உழைப்பிலும் தனியொரு தொழில்முறை விளையாட்டு உருவாயிற்று.

1906-இல் அலபாமாவின் மொபீல் நகரில் பிறந்த சாட்செல் பெய்ஜ், சிறுவயதில் சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டு அங்கேயே பந்தெறியக் கற்றவர். 1926-இல் தொழில்முறை ஆட்டக்காரரானார். அதன்பின் அவர் எந்த ஊரிலும் நிலைத்து நிற்கவில்லை. சட்டனூகா, பர்மிங்காம், பிட்ஸ்பர்க், வடக்கு டகோட்டாவின் பிஸ்மார்க் என அணிகள் மாறின. 1937-இல் டொமினிக்கன் குடியரசில் சர்வாதிகாரி ட்ருஹியோவின் பெயர் தாங்கிய அணிக்கு ஆடினார். 1938-இல் மெக்சிக்கோவில் ஆடியபோது பந்தெறியும் தோள் செயலிழந்தது. இனி ஆட இயலாது என்றே பலரும் கருதினர். கான்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் நிறுவனம் அவரை ஒரு சிறிய சுற்றுலா அணியில் வைத்துக்கொண்டது. தோள் மெல்லத் தேறியது. அவ்வணியின் முதன்மைப் பந்தெறிவாளராக மீண்டும் எழுந்தார்.

இப்பயணங்களின் நடைமுறையை எண்ணிப் பார்க்க வேண்டும். தென்மாநிலங்களில் கறுப்பின வீரர்களுக்கு விடுதி அறை இல்லை, உணவகத்துள் இடமில்லை. பேருந்திலேயே உறங்கி, பேருந்திலேயே உண்டு, அடுத்த ஊரில் இறங்கி ஆடினர். கட்டணம் செலுத்திக் கைதட்டிய வெள்ளையரின் ஊரிலேயே குடிநீருக்கு அலைந்தனர். பாலுவின் மண்குவளை இங்கே வேறு வடிவம் கொண்டது.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்கு ஆடியதோடு தடை உடைந்தது. அடுத்த ஆண்டு, 42-ஆம் வயதில், பெய்ஜ் கிளீவ்லாந்து அணியில் சேர்ந்தார். பிறர் ஓய்வுபெறும் வயதில் அவர் புதுமுகமாக நுழைந்தார். அவ்வாண்டே அவ்வணி உலகத் தொடரை வென்றது. 1965-இல், 59-ஆம் வயதில், மேஜர் லீகில் கடைசியாக மூன்று இன்னிங்ஸ் பந்தெறிந்து எதிரணிக்கு ஓர் ஓட்டமும் தரவில்லை. 1971-இல் பேஸ்பாலின் புகழ்க்கூடத்தில் சேர்க்கப்பட்டார்.

இக்கதையைச் சொல்வோர் பலரும் இங்கேயே முடித்துவிடுவர். நமக்கு முக்கியமானது 1968-இல் நடந்தது. மேஜர் லீக் ஓய்வூதியத்துக்கு வேண்டிய பணிநாள்கள் பெய்ஜுக்குக் குறைவாக இருந்தன. அவர் ஆடிய இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள், தடைக்கு அப்பால் கழிந்தவையாதலால், கணக்கில் வரவில்லை. அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைப் பணியில் சேர்த்து அந்நாள்களை நிறைவுசெய்ய உதவியது. உலகப் புகழ்பெற்ற வீரருக்கும் முதுமையில் தேவைப்பட்டது கைதட்டலன்று. மாதந்தோறும் வரும் தொகை. அதுவும் உரிமையாக வரவில்லை, ஒருவரின் நல்லெண்ணத்தால் வந்தது.

பெய்ஜுக்குக் கிடைத்த இந்தக் காலங்கடந்த வாய்ப்பும் பிறருக்குக் கிட்டவில்லை. அவருக்கு நிகராகப் போற்றப்பட்ட மட்டையாளர் ஜோஷ் கிப்சன், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன் 35-ஆம் வயதில் இறந்தார். 2020-இல்தான் நீக்ரோ லீகுகளை மேஜர் லீகுகளாக ஏற்பதாக அறிவிப்பு வந்தது. 2024-இல் அவற்றின் கணக்குகள் இணைக்கப்பட்டபோது, வாழ்நாள் மட்டைச் சராசரியில் முதலிடம் கிப்சனுக்கு உரியதாயிற்று. விடாமுயற்சி போதுமானதாக இருந்திருந்தால் அவ்வுண்மையை அறிய 77 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்காது.

பெண்களின் நிலை இன்னும் கடினம். டோனி ஸ்டோன் என்னும் கறுப்பினப் பெண் 1953-இல் இண்டியானாபொலிஸ் கிளவுன்ஸ் அணியில் ஆண்களுடன் ஆடினார். அடுத்த ஆண்டே வேறு அணிக்கு மாற்றப்பட்டார். ஆடும் வாய்ப்புக் குறைந்ததால் அவ்வாண்டின் இறுதியில் விலகினார். நிறத்தடையை உடைத்தவர்களும் பாலினத் தடையைக் காக்கலாம் என்பதை இது உணர்த்துகிறது.

தாமிரபரணிக் கரையிலிருந்து: மணத்தி கணேசன்

இனி நம் நிலத்துக்கு வருவோம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. அதற்குமுன் அது திருநெல்வேலியின் பகுதி. 1986-க்கு முன் தூத்துக்குடியும் அவ்வாறே. ஆகவே இம்மூன்று மாவட்டங்களின் கபடி ஒரே மரபைச் சேர்ந்தது. அம்மரபில் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து எழுந்து பன்னாட்டு மேடையை எட்டியவர் தூத்துக்குடி மாவட்டம் மணத்தி ஊரைச் சேர்ந்த கணேசன். 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் இடம்பெற்றார். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். 2025 அக்டோபரில் வெளியான மாரி செல்வராஜின் 'பைசன் காளமாடன்' திரைப்படம் அவரது வாழ்விலிருந்து உந்துதல் பெற்றது.

ஊர்ப் போட்டியில் ஆடும் இளைஞர் நேரே இந்திய அணியை அடைவதில்லை. கணேசன் காகித ஆலை அணியில் ஆடி, பின்னர் தமிழ்நாடு மின்வாரிய அணிக்குச் சென்றார். பாலுவுக்கு ரயில்வே எதுவோ, கணேசனுக்கு மின்வாரியம் அது. அன்றைய கபடியில் தொழில்முறை லீக் இல்லை. புரோ கபடி 2014-இல்தான் தொடங்கியது. ரயில்வே, காவல்துறை, மின்வாரியம், வங்கிகள், ஆலைகள் ஆகியவற்றின் அணிகளே வீரருக்கு வாழ்வளித்தன. வேலை இருந்ததால் அவர் காயம்பட்டாலும் குடும்பம் உண்டது. தெரிவு தவறினாலும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க முடிந்தது. காத்திருக்கும் வலிமையே விடாமுயற்சியின் பொருளியல் அடிப்படை.

லீக் வந்தபின் ஏலத்தொகை உயர்ந்தது, பார்வையாளர் பெருகினர். ஆனால் லீக் ஆண்டில் சில மாதங்களே நடைபெறும். அணிக்குச் சிலரே தேவை. பொதுத்துறை நிறுவனங்கள் சுருங்கும்போதும் தனியார்மயமாகும்போதும் இடஒதுக்கீட்டு வேலைகளோடு விளையாட்டு வேலைகளும் சேர்ந்தே மறைகின்றன. தலித் வீரர் இதனால் இருமுறை இழப்புக்கு உள்ளாகிறார். பொதுத்துறைக்கான போராட்டம் விளையாட்டு வீரரின் போராட்டமும் ஆகும் என்பதை நம் இயக்கங்கள் போதிய அளவு பேசவில்லை.

களத்துக்கு வெளியே உள்ள களம்

தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவிலும் வாசுதேவநல்லூரும் தனித் தொகுதிகள். தென்காசி மக்களவைத் தொகுதியும் தனித் தொகுதி. மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் கணிசமாக வாழ்கின்றனர் என்பதற்கு இதுவே சான்று. இவ்வட்டாரத்தின் மீனாட்சிபுரத்தில்தான் 1981 பிப்ரவரியில் தலித் குடும்பங்கள் பெருந்தொகையாக இஸ்லாத்தைத் தழுவின. நாடே திரும்பிப் பார்த்தது. மரியாதைக்கான வேட்கையே அம்மாற்றத்தின் உள்ளிருந்தது. நாற்பதாண்டுகளுக்குப் பின், 2022 செப்டம்பரில், சங்கரன்கோவிலை அடுத்த பாஞ்சாங்குளத்தில் பள்ளிக் குழந்தைகளுக்கு 'ஊர்க் கட்டுப்பாடு' என்று சொல்லித் தின்பண்டம் மறுக்கப்பட்ட காணொளி வெளியானது. கடையில் மிட்டாய் மறுக்கப்படும் குழந்தைக்கு ஊர் மைதானத்தில் மட்டும் இடம் கிடைக்கும் என எவ்வாறு எதிர்பார்ப்பது?

வெற்றியும் பாதுகாப்பளிப்பதில்லை. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவர் ஒருவர் கீழே இழுக்கப்பட்டு, அவர் விரல்கள் வெட்டப்பட்டன. கபடிப் போட்டியில் அவர் அணி அடைந்த வெற்றியே இதற்குக் காரணம் எனக் குடும்பத்தினர் கூறினர். கபடி கையால் பிடிக்கும் ஆட்டம். எழுதும் கையும் பிடிக்கும் கையும் ஒன்றே என்பதை வெட்டியவர்கள் அறிந்திருந்தனர்.

இத்தகைய சூழலில் ஊர் அணிகள் சாதிவாரியாகப் பிரிவதும், சீருடைகள் சாதி நிறம் பூணுவதும் நடக்கின்றன. போட்டிகளுக்கு அனுமதி அளிக்கும்போது சாதி அடையாளமுள்ள உடை கூடாது என உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நிபந்தனை விதித்துள்ளது. நாங்குநேரி வன்முறைக்குப்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், மாணவர்கள் சாதியை உணர்த்தும் வண்ணக் கயிறுகளை அணியத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. மணிக்கட்டிலிருந்து கயிற்றை அகற்றுவது எளிது. அணித் தெரிவிலிருந்து சாதியை அகற்றுவதே கடினம்.

அறிந்திருக்க வேண்டியவை

இவ்வட்டாரத்தில் ஆட விழையும் மாணவருக்கும் அவருக்குத் துணைநிற்கும் செயற்பாட்டாளருக்கும் சிலவற்றைத் தொகுத்துரைக்கிறோம்.

முதலாவது, மைதானம் பொது இடம். பட்டியல் சாதியினரைப் பொது இடங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் இதனை விரிவாக்கியது. அச்சட்டத்தின் 10-ஆம் பிரிவு, குற்றம் புரியக்கூடியவரை அப்பகுதியைவிட்டு வெளியேற்ற நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. பாஞ்சாங்குளம் வழக்கில் ஐவர் ஆறு மாத காலம் ஊருக்குள் வரத் தடை விதிக்கப்பட்டது இப்பிரிவின்படியே. ஊர்க் கட்டுப்பாட்டால் ஒடுக்கப்பட்டோரை விலக்கிவந்த ஊரில், விலக்கியவர்கள் விலக்கப்பட்டனர்.

இரண்டாவது, சான்றிதழே வீரரின் சொத்து. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உள்ளது; கல்லூரிச் சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. ஊர்ப் போட்டியில் வென்ற கோப்பை இதற்கு உதவாது. பள்ளி, பல்கலைக்கழகம், மாவட்டம், மாநிலம் என ஏற்கப்பட்ட போட்டிகளின் சான்றிதழ்களே கணக்கில் கொள்ளப்படும். எந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும் என்பதைப் பத்தாம் வகுப்பிலேயே அறிந்தவர் முன்செல்கிறார். பட்டம் பெற்றபின் அறிந்தவர் பின்தங்குகிறார். இத்தகவல் இடைவெளி பெரும்பாலும் சாதி இடைவெளியாகவே அமைகிறது.

மூன்றாவது, படிப்பைக் கைவிடாதிருத்தல். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகள் படிப்போடு பயிற்சியையும் தருகின்றன. முழங்கால் ஒருமுறை முறிந்தால் ஆட்டம் முடியலாம்; பட்டம் முடிந்துபோவதில்லை. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு மாநில அரசு மாத ஓய்வூதியம் வழங்கும் திட்டமும் உண்டு. தகுதியுடைய மூத்த வீரர்களை அதற்கு விண்ணப்பிக்கச் செய்வது இயக்கங்கள் உடனே மேற்கொள்ளக்கூடிய பணி.

நான்காவது, பெண்களுக்கான களம். சென்னை கண்ணகி நகர் மீள்குடியேற்றப் பகுதியைச் சேர்ந்த கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் ஆடினார். நகரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்ட குடியிருப்பில் பயிற்சிக்கு ஓர் இடமும் பயிற்றுநரும் வாய்த்ததால் அது நிகழ்ந்தது. குற்றாலத்திலும் தென்காசியிலும் கல்லூரிக்கு வரும் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கானோர். மாலை ஆறு மணிக்குமேல் பயிற்சி முடித்து வீடு திரும்பப் பேருந்து உண்டா என்பதே அவர்களுள் பலருடைய விளையாட்டு வாழ்வைத் தீர்மானிக்கிறது.

ஐந்தாவது, கூட்டாக நிற்றல். தெரிவில் அநீதி நேர்ந்தால் ஒருவர் மட்டும் முறையிடும்போது அவர் 'சண்டைக்காரர்' எனப் பெயர் பெறுவார். பல்வாங்கர் சகோதரர்கள் சேர்ந்து விலகியபோது அது செய்தியானது, அணி பணிந்தது. தெரிவு நடந்த நாள், இடம், தெரிவாளர், ஆடியோர் பட்டியல் ஆகியவற்றை எழுதிவைத்து, அணியாகக் கையெழுத்திட்டு முறையிடுவதே வழி.

பதிவு செய்யும் கடமை

நீக்ரோ லீகுகளின் கணக்குகளை 2024-இல் இணைக்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கறுப்பின மக்கள் நடத்திய செய்தித்தாள்கள் அன்றன்றைய ஆட்டங்களை அச்சிட்டிருந்தன. அவற்றை ஆய்வாளர்கள் பல்லாண்டுகள் தேடித் தொகுத்தனர். எழுதப்பட்டிருந்ததால்தான் கிப்சனின் சராசரி மீண்டு வந்தது.

நம் ஊர்களில் ஆடியவர்களின் கணக்கை எவர் எழுதிவைத்துள்ளனர்? கடையநல்லூர், புளியங்குடி, ஆலங்குளம், செங்கோட்டைப் பக்கத்துக் குடியிருப்புகளில் மாவட்ட அணிவரை சென்று, வேலை கிடைக்காமல் திரும்பி, இன்று கூலி வேலை செய்யும் முன்னாள் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த ஆண்டு எந்த அணியில் ஆடினார்கள், எங்கே தடுக்கப்பட்டார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்பதைக் கேட்டு எழுதுமாறு இவ்வட்டாரக் கல்லூரி மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒருவர் ஒரு வீரரின் வாழ்வை எழுதினாலே போதும். அப்பதிவு அடுத்து ஆட வரும் இளைஞருக்கு வழிகாட்டியாகும். அரசிடம் மைதானமும் வேலையும் கேட்கும்போது நம் கையில் சான்றாகவும் நிற்கும்.